பிராங்குப் பேரரசு பிரியாமல் இருந்திருந்தால்? கேள்வி பதில்

இன்றைய பிரான்ஸ், ஜெர்மனியின் பெரும்பகுதி, வட இத்தாலி எல்லாம் பிராங்கு என்ற ஜெர்மானிய இனத்தின் அரசர் சார்லமேன் காலத்தில் ஒரே ஆட்சியில் இருந்தன. 843-இல் வெர்டன் ஒப்பந்தத்தில் அவருடைய பேரன்கள் மூவரும் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 'அப்படி நடக்காமல் இருந்திருந்தால்?' என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: மூத்தவனுக்கே முழு ராஜ்ஜியமும் என்று சார்லமேன் எழுதி வைத்திருந்தால் போதாதா?

அவருக்கே அந்த எண்ணம் இல்லையே! 806-இல் அவரே மூன்று மகன்களுக்கும் பாகம் பிரித்து எழுதிவிட்டார். பிராங்குகளுக்கு ராஜ்ஜியம் என்பது குடும்பச் சொத்து. ஆனால் 810-இல் பிப்பின் இறந்தார், 811-இல் சார்லஸ் இறந்தார். 814-இல் தந்தை கண்மூடியபோது மிஞ்சியிருந்தவர் லூயி மட்டும்தான். சார்லமேனும் தம்பி கார்லோமன் 771-இல் இறந்த பிறகுதான் தனி அரசரானார். இரண்டு முறையும் ராஜ்ஜியத்தைச் சேர்த்து வைத்தது சாவுதான்.

கேள்வி: அப்படியானால் வரலாற்றை எந்த இடத்தில் மாற்றுவீர்கள், ஐயா? வெர்டனிலா?

வெர்டனுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் 823-க்குப் போவேன்.

817-இல் லூயி அருமையான ஓர் ஏற்பாடு செய்தார். மூன்று நாள் நோன்பும் பிரார்த்தனையும் முடித்துவிட்டு, மூத்த மகன் லோத்தாருக்குப் பேரரசர் பட்டம் கட்டினார். தம்பிகள் இருவருக்கும் சிறு அரசுகள். அவர்கள் ஆண்டுதோறும் காணிக்கையோடு வந்து அண்ணனைப் பார்க்க வேண்டும். அவரைக் கேட்காமல் போர் தொடங்கக் கூடாது, கல்யாணம்கூடச் செய்யக் கூடாது. தம்பி இறந்தால் அவர் பங்கை மேலும் கூறுபோடக் கூடாது என்றும் எழுதியிருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. இவ்வளவு தெளிவாக யோசித்த மனிதர்!

மறு ஆண்டே அரசி எர்மெங்கார்டு இறந்தார். 819-இல் லூயி ஜூடித்தை மணந்தார். 823-இல் சார்லஸ் பிறந்தான். இளைய தாரத்துப் பிள்ளைக்கும் பங்கு வேண்டும் என்று 829-இல் லூயி தன் ஏற்பாட்டைத் தானே கலைத்தார். மூத்த தாரத்துப் பிள்ளைகள் படை திரட்டினார்கள். 833-இல் கொல்மார் அருகே இரு படைகளும் எதிரெதிரே நின்றன. சண்டையே நடக்கவில்லை. லூயியின் ஆட்கள் நாளுக்கு நாள் மகன்கள் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாக மிஞ்சியவர்களிடம், "என் பொருட்டு யாரும் உயிரையோ கைகாலையோ இழக்க வேண்டாம், நீங்களும் என் பிள்ளைகளிடம் போய்விடுங்கள்" என்றாராம். அந்த இடத்துக்குப் 'பொய்களின் வயல்' என்றே பெயர் நின்றுவிட்டது.

சரி, வேறு வழி இருந்ததா? இருந்தது. சார்லமேனின் ஆசைநாயகிக்குப் பிறந்த த்ரோகோவை லூயிதான் துறவியாக்கினார். அதே 823-இல் அவர் மெட்ஸ் நகர ஆயரானார். குழந்தை சார்லஸையும் அதே போலத் திருச்சபைக்கு நேர்ந்துவிட்டிருந்தால், 817 ஏற்பாடு ஒரு தலைமுறையாவது நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

கேள்வி: ஒரே அரசாக இருந்திருந்தால் பிரெஞ்சு, ஜெர்மன் என்று இரண்டு மொழிகள் வந்திருக்குமா?

வந்திருக்கும். வெர்டனுக்கு 30 ஆண்டு முன்பே, 813-இல் தூர் நகரில் கூடிய ஆயர்கள், மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் பிரசங்கத்தை நாட்டுப்புற ரோமானிய மொழியிலோ ஜெர்மானிய மொழியிலோ சொல்லச் சொன்னார்கள். 842-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் அப்போது மிஞ்சியிருந்த தம்பிகள் இருவரும் லோத்தாருக்கு எதிராகச் சத்தியம் செய்தபோது, தந்தையின் பெயரையே கொண்ட தம்பி லூயி ரோமானிய மொழியிலும் சார்லஸ் ஜெர்மானிய மொழியிலும் பேசினார்கள். எதிரே நின்ற மற்றவர் படைக்குப் புரிய வேண்டுமே!

கேள்வி: ஒன்றுபட்ட பேரரசு வைக்கிங்குகளை விரட்டியிருக்குமே?

எனக்கு நம்பிக்கை இல்லை. இதற்கு வரலாறே ஒரு சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. உறவினர்கள் வரிசையாக இறந்ததில் 884-க்குள் ஏறக்குறைய முழு ராஜ்ஜியமும் பருத்த சார்லஸ் என்ற ஒருவர் கையில் வந்தது. 885-இல் வடக்கிலிருந்து படகில் வந்த கொள்ளையரான வைக்கிங்குகள் பாரிஸை முற்றுகையிட்டார்கள். நகரைக் காத்து நின்றவர் உள்ளூர்க் கோமகன் ஓதோ. பேரரசர் அடுத்த ஆண்டுதான் பெரும்படையோடு வந்தார். வந்தும் சண்டையிடாமல் 700 பவுண்டு வெள்ளி தருவதாக ஒப்புக்கொண்டு, பர்கண்டியைக் கொள்ளையடிக்கவும் அனுமதித்தார். 887-இல் அவரை இறக்கிவிட்டார்கள். மேற்கே ஓதோ அரசரானார். ஆற்றில் படகில் வந்து அடித்துவிட்டுப் போகிறவனைத் தடுக்கப் பக்கத்திலேயே ஒரு தலைவன் வேண்டும். பேரரசர் இத்தாலியில் இருந்தால் செய்தி போய்ச் சேரவே வாரக்கணக்காகும்.

கேள்வி: அண்ணா, பிரான்ஸும் ஜெர்மனியும் பின்னாளில் மோதியே இருக்காதா?

ஆயிரம் ஆண்டு தாண்டி அப்படி உறுதி சொல்ல முடியாது, தம்பி. அவர்கள் திரும்பத் திரும்ப மோதிக்கொண்ட நிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெர்டனில் லோத்தாருக்குக் கிடைத்தது வடகடலிலிருந்து இத்தாலி வரை நீண்ட நடுத்துண்டு. 855-இல் அதையும் அவருடைய மூன்று மகன்கள் பிரித்துக்கொண்டார்கள். வடக்குப் பங்கை ஆண்ட இரண்டாம் லோத்தார் 869-இல் முறையான வாரிசு இல்லாமல் இறந்ததும், சித்தப்பாக்கள் இருவரும் மறு ஆண்டே மெர்சனில் உட்கார்ந்து அதைப் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். லோத்தாரின் நாடு என்ற பொருளில் லோத்தரிங்கியா. அதுதான் தேய்ந்து லொரேன் ஆனது. 817 ஏற்பாடு நின்றிருந்தால் அந்தப் பெயரே பிறந்திருக்காது.