படகை அடகு வைக்க வேண்டாம் அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

போன வாரம் படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துத் தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு, மகளை மேலே என்ன படிக்க வைப்பது என்று கேட்டு என்னிடம் மூன்று பேரும் பஸ் ஏறி வந்தீர்கள். அண்ணி கையில் இருந்த மஞ்சள் பையில் மகளின் மார்க் ஷீட்டும், ஜார்ஜியா நாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பளபள நோட்டீஸும் இருந்தன. பிளஸ் டூவில் நல்ல மார்க். நீட்டில் தகுதி மார்க்கைத் தாண்டிவிட்டாள், ஆனால் அரசு இடத்துக்கு எட்டாது. படித்தது தனியார் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது. "மச்சான் துபாய்லேர்ந்து தினமும் போன் போடுறான் சார், குடும்பத்துல ஒரு டாக்டர் வேணாமான்னு கேக்குறான்" என்று சொல்லும்போதே உங்களுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வழி இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பினேன். அது பாதிப் பேச்சுதான். மீதியைக் கறாராகச் சொல்லியாக வேண்டும்.

ஜார்ஜியா வேண்டாம். படகில் உங்களுக்குள்ள பங்கை அடகு வைத்து எந்த நாட்டுக்கும் அனுப்ப வேண்டாம்.

2021இல் வந்த விதிப்படி, வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பு குறைந்தது 54 மாதம். அங்கேயே 12 மாதம் பயிற்சி. திரும்பி வந்து 300 கேள்வி கொண்ட தேர்வில் 150 எடுக்க வேண்டும். அப்புறம் இங்கே இன்னொரு 12 மாதம் பயிற்சி. எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தாலே ஆறரை வருடம். அந்தத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்று, இங்கே மருத்துவம் பார்க்கவும் முடியாமல் வேறு வேலைக்குப் போகவும் மனமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் அப்பாக்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். வருடத்தில் 61 நாள் தடைக்காலம், மீதி நாளிலும் கடல் எப்போது கொடுக்கும் என்று தெரியாத வருமானம். அதை நம்பி மாதத் தவணைக் கடன் வாங்கக் கூடாது. மச்சான் பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

சரி, பணத்தை விடுங்கள். நீங்களும் அண்ணியும் டீ குடிக்க வெளியே போன பத்து நிமிடத்தில் உங்கள் மகள் என்னிடம் ஒரு நோட்டைக் காட்டினாள். உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பத்தாவுக்குச் சர்க்கரையால் கால் கட்டைவிரல் கறுத்துப்போய், மதுரையில் லேசர் வைத்து அடைப்பை எடுத்தார்களே, அப்போது எழுத ஆரம்பித்த நோட்டு அது. தொடை இடுக்கில் நுழைத்த கம்பி முழங்காலுக்குக் கீழே வரை போன பாதையைப் பென்சிலில் வரைந்திருக்கிறாள். பச்சை உடுப்பில் வெளியே வந்த ஒரு அக்காவிடம் வராண்டாவிலேயே நின்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். பக்கத்தின் கடைசியில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: "வீட்டில் எல்லாரும் காலுக்குள்ளே சூடு போட்டார்கள் என்கிறார்கள். சூடு போட்டால் குழாய் வெந்துபோகாதா?"

அண்ணே, இது லேசான கேள்வி இல்லை. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அதே 1964ஆம் வருடம், ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லேண்டில் சார்லஸ் டாட்டர் என்பவர், காலை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்ட 82 வயதுப் பாட்டி ஒருவரின் கால் ரத்தக்குழாயைக் கத்தி வைக்காமல் குழாய் நுழைத்தே திறந்தார். 1977இல் சூரிச்சில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் இதய ரத்தக்குழாய்க்குள் பலூனைக் கொண்டுபோனார். ஆனால் பலூன் அடைப்பை ஓரமாக நசுக்கும், அவ்வளவுதான். அடைப்பை இல்லாமலே ஆக்கிவிட முடியாதா என்று 1980களில் சிலர் சூட்டைக் கையில் எடுத்தார்கள். கண்ணாடி இழை வழியாக லேசர் ஒளியை அனுப்பி, நுனியில் இருக்கும் உலோகக் குமிழைச் சில நூறு டிகிரிக்குக் காய்ச்சி, அதை அடைப்புக்குள் தள்ளினார்கள். அடைப்பு கருகி வழி விட்டது. கூடவே குழாயின் சுவரும் வெந்தது. சிலருக்கு ஓட்டை விழுந்தது, பலருக்குக் கொஞ்ச நாளில் மறுபடியும் அடைத்தது. அந்தச் சூட்டு நுனிக் கருவி மெல்ல வழக்கொழிந்துபோனது. உங்கள் மகள் நோட்டில் எழுதிய கேள்விதான் காரணம்.

அப்பத்தாவுக்குப் பயன்படுத்தியது வேறு வகையாகத்தான் இருக்கும். எக்ஸைமர் லேசர் என்பார்கள். 308 நானோமீட்டர் புற ஊதா ஒளி. துடிப்புத் துடிப்பாக வரும், ஒவ்வொரு துடிப்பும் நொடியில் கோடியில் சில பங்கு நேரம்தான். தலைமுடியின் பருமன் அளவுகூட உள்ளே இறங்காது. தொட்ட இடம் பொடிந்துபோகும், பக்கத்துச் சதைக்குச் சூடு பரவ நேரமே கிடைக்காது. அதனால் குளிர் லேசர் என்றே பெயர். இதை அவளிடம் சொன்னபோது கண் விரிந்தது. "அப்ப உப்புத் தண்ணி எதுக்கு சார் விட்டுக்கிட்டே இருந்தாங்களாம்?" என்று உடனே அடுத்த கேள்வி. ரத்தமும் ஆஞ்சியோவுக்குப் போடும் சாய மருந்தும் அந்த ஒளியை உறிஞ்சிக் குமிழி கிளப்பிச் சுவரை அறையும், அதனால் சலைன் விட்டு அலசிக்கொண்டேதான் ஒளியைப் பாய்ச்ச வேண்டும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

பச்சை உடுப்பு அக்கா டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கேத் லேப் டெக்னாலஜிஸ்ட், அதாவது ரத்தக்குழாய்க்குள் குழாய் நுழைத்துச் சிகிச்சை செய்யும் அறையில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர். நான் இத்தனை நேரம் சுற்றி வந்தது அதற்குத்தான். பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி: மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருந்தால் போதும், இடம் கிடைப்பது பிளஸ் டூ மார்க்கை வைத்து. எம்.பி.பி.எஸ்., இன்ஜினியரிங், நர்சிங் என்று எல்லாரும் வரிசையில் நிற்கையில் இந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் குறைவு.

அந்த அறைக்குள் அவள் என்ன செய்வாள்? லேசர் போடுகிற அன்று இயந்திரத்தைச் சூடேற்றி, லேசர் குழாயின் நுனியிலிருந்து வரும் ஒளியின் அளவைச் சரிபார்ப்பாள். எல்லாரும் கண்ணாடி போட்டுவிட்டார்களா என்று பார்ப்பாள். இதய ரத்தக்குழாய் என்றால் வழக்கமாக ஐந்து நொடி ஒளி, பத்து நொடி ஓய்வு. டாக்டர் லேசர் குழாயை நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த மாட்டார், இவள் பார்வை அழுத்தம் காட்டும் திரையிலும் இசிஜி கோட்டிலும் இருக்கும். சுண்ணாம்பு படிந்து கல்லாகிப்போன அடைப்பு என்றால் லேசருக்குப் பதில் சிறு வைரத்துகள் பதித்த உருண்டை ஒன்று சுற்றும், நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் சுற்று. வாயு அழுத்தத்தில் ஓடும் கருவி அது, சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவைக்க வேண்டும். அங்கேயும் உரசலில் சூடு வரும். வேகம் திடீரென்று ஐயாயிரம் சுற்றுக்கு மேல் விழுந்தால் உருண்டை மாட்டுகிறது, உரசல் ஏறுகிறது என்று பொருள், அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்ல ஆள் வேண்டும். பழகியவர்களுக்குச் சத்தம் மாறும்போதே தெரிந்துவிடும். புரொப்பல்லரில் வலை சுற்றினால் இன்ஜின் சத்தத்திலேயே நீங்கள் கண்டுபிடிக்கவில்லையா? அதே காதுதான். போன தடைக்காலத்தில் படகு இன்ஜினைப் பிரித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நட்டு எண்ணிக் கொடுத்தது யார் என்று நீங்களே சொன்னீர்கள்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். ஆரம்பச் சம்பளம் தனியார் ஆஸ்பத்திரிகளில் குறைவு, முதல் சில வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். மாரடைப்பு நோயாளி வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே கதிர் உள்ள அறை, கனமான ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும், உடம்பில் ஏறும் கதிரை அளக்கும் பேட்ஜ் ஒரு நாளும் மறக்கக் கூடாது. யாரும் டாக்டரம்மா என்று கூப்பிட மாட்டார்கள். இதையெல்லாம் அவளிடமே சொன்னேன். அங்கியின் எடை எத்தனை கிலோ என்று கேட்டாள்.

மேலே போகவும் வழி உண்டு. அனுபவம் வந்த பிறகு இந்தக் கருவிகளைச் செய்யும் கம்பெனிகள், புதுக் கருவியை டாக்டர்களுக்கு அறையிலேயே நின்று விளக்க இப்படிப்பட்டவர்களைத்தான் தேடுகின்றன. மேற்படிப்பும் இருக்கிறது. கருவியை வடிவமைக்கும் பக்கம் மனம் போனால் அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

உறவுக்காரர்கள் கலாம் பிறந்த மண் என்று ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்கட்டும். பேய்க்கரும்பு நினைவிடம் உங்களுக்குப் பக்கம்தானே. கலாம் திருச்சியில் இயற்பியலும் சென்னையில் விமானப் பொறியியலும் படித்தவர். டாக்டர் இல்லை. ஹைதராபாத் இதய மருத்துவர் சோம ராஜுவோடு உட்கார்ந்து ரத்தக்குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை விலை குறைவாக உருவாக்கினார், கலாம்-ராஜு ஸ்டென்ட் என்றே அதற்குப் பெயர். ரத்தக்குழாய் அடைப்பு டாக்டர் மட்டும் தீர்க்கிற விஷயமாக இருந்திருந்தால் ராமேஸ்வரத்துக்காரர் பெயர் அதில் எப்படி வந்தது என்று கேளுங்கள்.

செலவுக்கு வருவோம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஒரு வருடப் படிப்புக் கட்டணம், படகுக்கு ஒரு தடவை டீசல் அடிக்கும் செலவுக்குள் அடங்கும். ஹாஸ்டலும் சாப்பாடும் தனி. தனியார் கல்லூரி என்றால் சேரும் முன் என்னிடம் வாருங்கள். சொந்தமாகக் கேத் லேப் இருக்கிறதா, அதில் தினமும் எத்தனை பேருக்குச் செய்கிறார்கள் என்று நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. கேத் லேப் இல்லாத கல்லூரியில் இந்தப் படிப்பு, கடலைப் பார்க்காமல் நீச்சல் படித்த மாதிரி.

இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் நாளைக்கே விண்ணப்பித்துவிடுங்கள். சாதிச் சான்றிதழில் பெயரின் இனிஷியல் மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், உங்கள் மகளுடையதில் ஒரு எழுத்து இடிப்பது போலத் தெரிந்தது. இந்த வருடச் சேர்க்கைக்கான விளக்கக் குறிப்பேடு வந்ததும் மூன்று பேரும் வாருங்கள், மதுரையை முதல் விருப்பமாகப் போட்டு நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

மச்சானுக்கு என் நம்பரைக் கொடுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடிந்து கூப்பிட்டாலும் பரவாயில்லை, ராத்திரி பதினொன்று வரை எடுப்பேன்.