மகளுக்கு டம்மி மாத்திரை கிடைத்துவிட்டால்?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பார்க்கிறோம். புது மாத்திரை பற்றிய ஆய்வு ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு டம்மி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். அவள் எழுதும் பதில்களை எனக்குக் காட்டவும் மாட்டார்களாம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: டம்மி கிடைக்க வாய்ப்பு உண்டு. அதை உங்களிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்களே, அந்த மட்டில் நல்லது.

டம்மி எதற்கு என்று கோபப்படாதீர்கள். 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 12 முதல் 17 வயது வரையிலான 439 பேர் இருந்தார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால், ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எடுத்தவர்களில் 61 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். டம்மி எடுத்தவர்களில் 35 சதவீதம். மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் பெற்றவர்கள் 71 சதவீதம். டம்மிக் குழு இல்லையென்றால் அந்த 35-ஐயும் மருந்தின் புண்ணியக் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

ஆக, நீங்கள் கேட்க வேண்டியது வேறு. இப்போது எடுக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா? நிறுத்திய பிறகு அவள் நிலை மோசமானால் என்ன செய்வார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? பாதியில் விலகினால் பழைய சிகிச்சை தொடருமா? இவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால் சேர்க்காதீர்கள்.

அப்புறம், உங்களிடம் இதைப் பேசியது யார்? சொந்த டாக்டரா, இல்லை ஆள் பிடித்துத் தருபவரா? தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆய்வுக்குப் பிள்ளைகளைச் சேர்த்துவிடுபவர்கள் உண்டு. “இலவச சிகிச்சை”, “இரண்டே இடம்தான் பாக்கி” என்பார்கள். ஆய்வு என்பது சிகிச்சை அல்ல. உங்கள் மகளைக் குணப்படுத்துவது அதன் முதல் நோக்கமும் அல்ல; மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான். அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள், வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும் சரி.

ஆய்வின் பதிவு எண்ணையும் கேளுங்கள். முன்கூட்டிப் பொதுப் பதிவேட்டில் ஏற்றாத ஆய்வுகளை முன்னணி மருத்துவ இதழ்கள் 2005 முதல் ஏற்பதில்லை. அப்படியொரு கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். பராக்ஸெடின் என்ற மாத்திரை வளரிளம் பருவத்தினருக்கு நல்லது என்று 2001-இல் ஒரு கட்டுரை வந்தது. 275 பேரை வைத்துச் செய்த ஆய்வு. அதன் மூலத் தரவுகளை வேறொரு குழு அலசி 2015-இல் வெளியிட்டது. மாத்திரைக்கும் டம்மிக்கும் வித்தியாசமே இல்லை, தற்கொலை எண்ணம்தான் மாத்திரை எடுத்தவர்களிடம் கூடியிருந்தது. அந்தக் கட்டுரைக்கு இப்படியொரு மறுப்பு அச்சில் வர 14 வருடம்! எங்கள் துறையின் லட்சணம் இது. பக்கம் பக்கமாக ஒப்புதல் படிவம் அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு, தோற்றுப்போன ஆய்வை அப்படியே அச்சிட மட்டும் கை வருவதில்லை.

பதில்களைக் காட்டமாட்டோம் என்பது சரியான ஏற்பாடுதான். அம்மா படிப்பார் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் உண்மையை எழுதாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைத் தெளிவாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்று அவள் எழுதினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, யாராவது அவளைத் துன்புறுத்துவது தெரிந்தாலோ ரகசியம் அங்கே நின்றுவிட வேண்டும். எதை எழுதினால் சொல்வார்கள், எவ்வளவு நேரத்துக்குள், யார் யாரிடம்? துன்புறுத்துபவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால்? வினாத்தாளை அன்றே யாராவது படிக்கிறார்களா, இல்லை மாதக் கடைசியில் மொத்தமாகக் கணினியில் ஏற்றும்போதுதான் பார்க்கிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பலர் திணறுவார்கள். விடாதீர்கள். இந்த விலக்கு மகளுக்கும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

சேர்ந்தால், ஆரம்ப வாரங்களில் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறாளா, தூங்குகிறாளா என்று பக்கத்திலிருந்து கவனியுங்கள். மனச்சோர்வு மாத்திரைகளின் விவரத்தாளில் இளம் வயதினருக்கான தற்கொலை எச்சரிக்கையைக் கறுப்புக் கட்டத்தில் அச்சிட அமெரிக்க அரசு 2004-இல் உத்தரவிட்டது. டம்மியோ நிஜமோ தெரியாததால், நிஜம் என்றே வைத்துக்கொண்டு பாருங்கள்.

மகளுக்கு இஷ்டமில்லை என்றால் பேச்சே வேண்டாம். இஷ்டம் என்றால், படிவத்தை வீட்டுக்குக் கேளுங்கள். இருவரும் படித்துவிட்டு அடுத்த வாரம் கையெழுத்துப் போடலாம். இங்கேயே, இப்போதே போடுங்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.