சிங்கப்பூர் சைனாடவுனுக்குள் மாரியம்மன் கோயில் எப்படி வந்தது? அந்தப் பேட்டை முன்பு எப்படி இருந்தது?

சீனர் பேட்டை முதலில் இருந்தது, கோயில் பிறகு உள்ளே நுழைந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1822-இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் நகரத் திட்டம் போட்டபோது ஆற்றுக்குத் தெற்கே சீனர்களுக்கு இடம் ஒதுக்கினார். அவரோடு 1819-இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளைக்குக் கோயில் கட்ட முதலில் தெலுக் ஆயரில் மனை கிடைத்தது. அங்கே நல்ல தண்ணீர் இல்லை. அபிஷேகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் என்ன கோயில்? கடைசியில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் அமைந்து, 1827-இல் மரமும் அத்தாப்பு என்னும் ஓலைக் கூரையுமாகக் கோயில் எழுந்தது. பக்கத்திலேயே சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல், அது ஒரு வருடம் மூத்தது. தெலுக் ஆயர் தெருவுக்குப் போனால் நாகூர் தர்கா, தியான் ஹோக் கெங் சீனக் கோயில், நம் ஆட்கள் ‘குச்சுப் பள்ளி’ என்று சொல்லும் பள்ளிவாசல் மூன்றும் ஒரே தெருவில். அந்தக் காலத்தில் அதுதான் கடற்கரை. கப்பலை விட்டு இறங்கியவன் முதலில் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் வேலை தேடப் போனான்.

என் பெரியம்மா ஐம்பதுகளில் டெம்பிள் தெருவில் வளர்ந்தவர். தாத்தாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கடைவீட்டு மாடியில் பலகை அடித்துத் தடுத்த அறை, ஜன்னல் கிடையாது, அடுப்படி எல்லாருக்கும் பொது. அடுத்த தடுப்பில் ஒரு சம்சுயி அம்மா, அதாவது சீனாவிலிருந்து வந்து கட்டட வேலைக்குப் போன பெண்களில் ஒருவர். விடியற்காலையில் சிவப்புத் துணியைத் தலையில் மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புவாராம். போகிற வழியில் மாரியம்மன் வாசலில் நின்று, தான் கொண்டுவந்த சீன ஊதுபத்தி மூன்றைக் கொளுத்தி ஆட்டிவிட்டுப் போவார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பெரியம்மா இன்றைக்கும் மார்க்கெட்டில் கேன்டனீஸில்தான் பேரம் பேசுவார்.

சாகோ லேன் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. அங்கேதான் சாவு வீடுகள் இருந்தன: கீழே சவக்கூடம், மாடியில் சாவை எதிர்பார்த்துப் படுத்திருப்பவர்களின் கட்டில்கள். பலர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் உயிர் போனால் மற்றவர்களுக்கு ஆகாது என்ற நம்பிக்கை. ஊரில் சொந்தம் விட்டு வந்த கிழக் கூலிகளுக்கு வேறு போக்கிடமும் இல்லை. கண்டிப்பையும் மீறிப் பிள்ளைகள் ஓடுவது தெருவில் எரிக்கும் காகித வீடு, காகிதக் கார் பார்க்கத்தான். 1961-இல் அரசாங்கம் அந்த வீடுகளைத் தடை செய்தது.

தீமிதி ராத்திரிதான் பேட்டைக்கே திருவிழா. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வரும் கூட்டத்தைப் பார்க்க, பகோடா தெரு மாடி ஜன்னல்களில் சீனக் குடும்பங்கள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும்.

பிறகு குடும்பங்கள் ஒவ்வொன்றாக அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டன. 1983-இல் தெருக்கடைக்காரர்களைச் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் என்ற புதுக் கட்டடத்துக்குள் ஏற்றினார்கள். கடைவீடுகளைப் பாதுகாத்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் சிவப்புச் சீனக் கூண்டு விளக்கும் ஃபிரிட்ஜ் காந்தமும் விற்கும் இன்றைய பகோடா தெருவைப் பார்த்துப் பழைய பேட்டையைக் கணக்குப் போட முடியாது. போனால் அந்தச் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் கீழே சதுரங்கம் ஆடும் கிழவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். கொஞ்சம் மலாய் தெரிந்தால் போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.