20 விழுக்காடு அழுகினால் எவ்வளவு கூட்டி எடுப்பது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துக்குப் போகும் முச்சந்தியில் சின்னதாகக் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். கேமரன் மலையிலிருந்து வாரம் இரண்டு தடவை லோரி வரும். ஒரு லோரிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 40 கிலோ தக்காளி போகும். எடுப்பதில் 20 விழுக்காடு அழுகிவிடுவதால், 40-க்கு 20 விழுக்காடான 8 கிலோவைக் கூட்டி 48 கிலோ சொல்லி வைக்கிறேன். அப்படியும் லோரி வருவதற்குள் தக்காளி தீர்ந்துவிடுகிறது. கிலோ 4 வெள்ளிக்கு எடுத்து 5 வெள்ளிக்கு விற்றும் கையில் ஒன்றும் நிற்பதில்லை. எங்கே தப்பு?

பதில்: சகோதரி, 20 விழுக்காட்டை எதன் மேல் போடுகிறோம் என்பதில்தான் கணக்கு சறுக்குகிறது. நீங்கள் விற்கும் 40 கிலோவின் மேல் போட்டீர்கள். அழுகலோ லோரியில் இறங்கும் மொத்தச் சரக்கிலும் விழுகிறது. 48 கிலோவில் 20 விழுக்காடு 9.6 கிலோ. அது போக மிஞ்சுவது 38.4 கிலோதான்.

100 கிலோ எடுத்தால் 80 தேறும். ஆகவே விற்க வேண்டியதை 0.8-ஆல் வகுங்கள். 40-ஐ 0.8-ஆல் வகுத்தால் 50 கிலோ. அதில் 10 அழுகினாலும் 40 நிற்கும். அழுகல் கூடக் கூட வித்தியாசமும் பெரிதாகும். கீரையில் 40 விழுக்காடு வாடுகிறது என்று வையுங்கள். 30 கட்டு விற்க, 0.6-ஆல் வகுத்து 50 கட்டு எடுக்க வேண்டும். உங்கள் முறையில் 42 தான் வந்திருக்கும். ஆனால் இவ்வளவு வாடும் சரக்கைக் கூட்டி எடுக்க நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் கீரை போடுபவர் இருந்தால் தினமும் காலையில் கொஞ்சமாக வாங்குங்கள்.

இப்போது காசுக்கு வருவோம். 48 கிலோவுக்கு நீங்கள் கொடுத்தது 192 வெள்ளி. விற்ற 38.4 கிலோவுக்கு, 5 வெள்ளி வீதம், வந்ததும் அதே 192 வெள்ளி. வாடகை, மின்சாரம், உங்கள் உழைப்பு எதற்கும் ஒரு காசு மிஞ்சவில்லை. படிக்கும்போதே மனம் கஷ்டப்பட்டது. 20 விழுக்காடு அழுகும் சரக்கில், வாங்கிய விலைக்கு மேல் 25 விழுக்காடு வைத்தால்தான் போட்ட முதலே திரும்பும். 4 வெள்ளியை 0.8-ஆல் வகுத்தால் 5 வெள்ளி. அதுதான் உங்கள் அசல் விலை. லாபத்தை அதற்கு மேல் வையுங்கள்.

அப்புறம், அந்த 20 கண் மதிப்பா, தராசில் நிறுத்ததா? ஒரு மாதம் நிறுத்துப் பாருங்கள். இரண்டு வாளி வையுங்கள். லோரி இறங்கியதும் கூடையைக் கவிழ்த்து, அடியில் நசுங்கி நீர் விட்டதை ஒன்றில் போடுங்கள். கடையில் இருந்து அழுகியதை மற்றதில் போடுங்கள். முதல் வாளியை அப்போதே லோரிக்காரரிடம் காட்டிக் கழித்துக்கொள்ளக் கேளுங்கள். அது உங்கள் நஷ்டமாகக் கூடாது.

இரண்டாவது வாளியிலும் ஒரு சங்கதி உண்டு. மழை வாரத்தில் ஆள் வராமல் 30 கிலோதான் விற்றால், மிச்சம் தேங்கி அழுகும், விழுக்காடு எகிறும். அதை வைத்து அடுத்த தடவை இன்னும் கூட்டி எடுத்தால் மேலும் அழுகும். வியாபாரம் படுத்த வாரத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எதிர்பார்க்கும் விற்பனையும் மாறும். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். தோட்டத்தில் சம்பளம் விழும் வாரத்துக்கு ஒரு கணக்கு, மாதக் கடைசிக்கு ஒரு கணக்கு வையுங்கள். புரட்டாசியில் வீட்டுக்கு வீடு சைவம் என்பதால் அதற்குத் தனியாக எழுதுங்கள்.

தோல் தளர ஆரம்பித்த தக்காளியை அழுகும்வரை விடாமல், அன்று மாலையே கிலோ 2 வெள்ளிக்கு ரசத்துக்கென்று தள்ளிவிடுங்கள். 50 கிலோவில் அழுகும் அந்த 10 கிலோவில் 4 கிலோ அப்படிப் போனாலும் 8 வெள்ளி திரும்பும்.