மணலிலும் ஓட வேண்டும், தார் ரோட்டிலும் ஓட வேண்டும்: மீன் வண்டிக்கு எந்தச் சக்கரம்?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அம்மா மீன் விற்கிறார். கரையிலிருந்து ரோடு வரை மணலில் தலைச்சுமை, அப்புறம் மஞ்சக்குப்பம் பக்கம் தெருத்தெருவாக விற்பனை. மீனும் ஐஸும் சேர்ந்து 60 கிலோ வரும். எட்டு அங்குலக் கெட்டி ரப்பர் சக்கரம் நான்கு வைத்து ஒரு தள்ளுவண்டி செய்தேன். ரோட்டில் நன்றாக ஓடுகிறது, மணலில் புதைந்துவிடுகிறது. மணலுக்கு மட்டும் சறுக்குப் பலகை மாட்டலாமா? சரியாக வந்தால் பேட்டன்ட் வாங்க முடியுமா?

பதில்: சறுக்குப் பலகை வேண்டாம். உலர்ந்த மணலில் பலகையை இழுப்பது சக்கரத்தை விடக் கஷ்டம். வண்டியின் எடையும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வண்டியில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால், காற்றடைத்த சக்கரத்துக்கு நல்ல தார் ரோட்டில் சுமார் 2 கிலோ காட்டும். அதே வண்டிக்கு உலர்மணலில் 15 முதல் 25 கிலோ வரை ஆகும். பலகை என்றால் 40 கிலோவைத் தாண்டும்.

ஈரமணல் வேறு கணக்கு. எகிப்தில் ஏறக்குறைய 3,900 ஆண்டுப் பழமையான ஜெஹுதிஹோதெப் என்ற மாகாண ஆளுநரின் கல்லறை ஓவியத்தில், பெரிய சிலையைச் சறுக்கு வண்டியில் ஏற்றிப் பலர் இழுக்கிறார்கள். வண்டியின் முன்முனையில் ஒருவர் நின்று தரையில் நீர் ஊற்றுகிறார். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதைச் சோதித்து, சரியான அளவு ஈரம் இருந்தால் இழுக்கும் பலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதைக் காட்டினார்கள். ஈரம் மணலைப் பிடித்துக்கொள்வதால் பலகைக்கு முன்னால் மணல் குவிவதில்லை. அலை நனைக்கும் ஓரத்தில் இது நடக்கும், ஆனால் உங்கள் அம்மா ஏறுவது மேட்டுப்பக்க உலர்மணல் ஆயிற்றே. உப்பனாற்றுச் சேறாக இருந்தால் பலகையைத்தான் சொல்லியிருப்பேன். ஜப்பானின் அரியாகே கடலோரத்தில் மீனவர்கள் பலகை மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலால் உந்தியே சேற்றைக் கடக்கிறார்கள்.

சரி, சக்கரத்துக்கு வருவோம். கெட்டி ரப்பர் நசுங்காது, அதனால் சுமை முழுவதும் ஒரு மெல்லிய பட்டை வழியாகவே மணலில் இறங்குகிறது. நான்கு சிறு சக்கரங்களுக்குப் பதில் இரண்டு பெரிய சக்கரங்கள் போடுங்கள். பழைய மோட்டார் சைக்கிளின் 18 அங்குல ரிம், 3 அங்குல அகல டயர் போதும். வெளிவிட்டம் இரண்டடி வரும். பெரிய சக்கரம் மணலைத் தள்ளிக்கொண்டு போகாமல் மேலே ஏறும். டயர் மொட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. இழுபடும் சக்கரத்துக்குப் பட்டன், அதாவது டயர் மேலுள்ள மேடுகள், தேவையில்லை, அது மணலைப் பறிக்கத்தான் செய்யும்.

அடுத்தது காற்று. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஒரு சக்கரத்தின் மேல் 40 கிலோ நிற்கிறது. பஞ்சர் கடையில் வழக்கம்போல் 30 பாயின்ட் காற்று வைத்தால், டயர் தரையைத் தொடுவது ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர்தான். 10 பாயின்டாக இறக்கினால் 55 சதுர சென்டிமீட்டரைத் தாண்டும். சுமை அதேதான், அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. தினமும் இரண்டு முறை காற்றை இறக்கி ஏற்ற யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பதால் 10இலேயே விட்டுவிடுங்கள். ரோட்டில் இழுவை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அச்சு எங்கே வரவேண்டும் என்பதுதான் உங்கள் அம்மாவின் தோளையும் இடுப்பையும் காப்பாற்றப் போகிறது. கட்டட வேலையில் பார்க்கும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் சக்கரம் முன்கோடியில் இருப்பதால் சுமையில் ஒரு பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். சீனாவின் பழைய ஒற்றைச் சக்கர வண்டியில் பெரிய சக்கரம் நட்டநடுவில் நிற்கும், சுமை அதன் இரு பக்கமும் இருக்கும். எடை முழுவதும் சக்கரத்துக்கே, ஆள் தள்ளவும் சாயாமல் பிடிக்கவும் செய்தால் போதும். நீங்களும் அந்த வழிக்கே போங்கள். சுமையின் நடு, அச்சிலிருந்து கைப்பிடிப் பக்கமாக 5 செ.மீ. மட்டும் தள்ளி இருக்கட்டும். கைப்பிடி அச்சிலிருந்து 110 செ.மீ. தூரத்தில் இருந்தால், 60 கிலோ சுமைக்குக் கையில் தாங்க வேண்டியது 3 கிலோவுக்கும் குறைவு. ஐஸ் பெட்டி அச்சுக்கு நேர் மேலே வரவேண்டும், ஏனென்றால் அதுதான் கனம், அது உருகி இளைத்தாலும் வாட்டம் மாறக்கூடாது. மீன் ட்ரேக்களை முன்னும் பின்னும் வையுங்கள். ஒரு பக்கத்திலேயே விற்றுத் தீர்த்தால் வண்டி குடைசாயும், அதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

மணலில் இழுக்க வேண்டும், ரோட்டில் தள்ள வேண்டும். தாழ்ந்த கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும்போது பலத்தில் ஒரு பகுதி கீழ்நோக்கிப் போய்ச் சக்கரத்தை இன்னும் அழுத்தும், இழுக்கும்போது அது மேல்நோக்கித் தூக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஓடிய புஷ்புஷ் வண்டியை ஆள் பின்னால் நின்று தள்ளுவார், உட்கார்ந்திருப்பவரே முன்சக்கரத்தைத் திருப்புவார். கெட்டித் தெருவுக்கு அது சரி. உங்கள் வண்டியில் கைப்பிடி ஒரு பக்கம் இருந்தாலே போதும். மணலில் அதற்குள் நின்று இழுத்துப் போய், ரோட்டில் திருப்பித் தள்ளிக்கொள்ளலாம். உயரத்தை அம்மாவை நிற்க வைத்து அளந்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

பேரிங்கை உப்பும் மணலும் சீக்கிரமே தின்றுவிடும். இருபுறமும் ரப்பர் மூடிய சீல்டு பேரிங் போடுங்கள். ஐஸ் தண்ணீர் அதன் மேல் சொட்டாமல், பெட்டியின் அடியில் ஒரு குழாய் வைத்து வெளியே விடுங்கள். சட்டத்துக்கு ஜிஐ பைப் நல்லது, ஆனால் வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். துத்தநாகம் எரிந்து வரும் புகை காய்ச்சல் கொண்டுவரும். வைத்த பிறகு ஜிங்க் பிரைமர் அடியுங்கள். விடியுமுன் ரோட்டில் போகும் வண்டி, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கட்டாயம்.

பேட்டன்ட் விஷயம். தெரிந்த சக்கரம், தெரிந்த அச்சு, தெரிந்த பெட்டியைச் சேர்த்து அடுக்கினால் கிடைக்காது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு அதைத் தெளிவாகவே விலக்குகிறது. புதிதாக ஏதேனும் பொறிமுறை, உதாரணமாக மணலில் தானாக இறங்கி ரோட்டில் மடங்கும் அமைப்பு, உங்கள் கையில் பிறந்தால் கதை வேறு. அப்போது முதலில் இணையத்தில் இந்தியக் காப்புரிமை அலுவலகத் தேடலில் பி62பி என்ற வகுப்பைப் பாருங்கள். கைவண்டிகளும் சறுக்கு வண்டிகளும் உலகம் முழுக்க அதில்தான் வரும். யாருக்கும் காட்டுமுன், வீடியோ போடுமுன், தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விவரத்தை, தாக்கல் செய்யுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்புக்கு 12 மாத அவகாசம் உண்டு. நமக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இப்போதைக்கு அந்தப் பணத்தை நல்ல பேரிங்கில் போடுங்கள் என்பேன்.

வண்டி முடிந்ததும் 60 கிலோ மணல் மூட்டை ஏற்றி, ஸ்பிரிங் தராசை மாட்டி, வெயில் காய்ந்த நேரத்து மணலில் அம்மாவையே இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் இழுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 20 கிலோவுக்கு மேல் காட்டினால் காற்றை 8 பாயின்டுக்கு இறக்குங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால், மணலில் மட்டும் சுமையை இரண்டு நடையாகப் பிரித்துவிடுங்கள்.