திருட்டுப்போன கார்டில் பணம் போகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாலக்கோடு சந்தையில் பர்ஸ் போய்விட்டது. ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டு மறுநாள் காலை பேங்குக்குப் போனேன். அதற்குள் இரவு 11.52க்கு 10,000, 12.04க்கு 10,000 எடுத்துவிட்டார்கள். பின் நம்பரை கார்டு உறையிலேயே எழுதி வைத்திருந்தேன். பணம் திரும்புமா?

அந்த நேரத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான கார்டுகளில் ஒருநாள் ஏடிஎம் வரம்பு நள்ளிரவில் புதுப்பிக்கப்படும். அதனால்தான் திருடுகிறவர்கள் பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஒருமுறை, தாண்டியதும் ஒருமுறை எடுக்கிறார்கள். பர்ஸ் காணோம் என்றால் முதல் போன் பேங்குக்குத்தான், ஸ்டேஷன் அதற்குப் பிறகுதான். கார்டை முடக்க எஃப்ஐஆர் தேவையே இல்லை. கஸ்டமர் கேர் எண் இரவிலும் வேலை செய்யும்.

ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, பின் நம்பர் வெளியே போனது உங்கள் அலட்சியத்தால் என்றால், பேங்குக்குத் தகவல் சொல்லும்வரை போன பணம் உங்கள் பொறுப்பு. சொன்ன பிறகு போனது பேங்கின் பொறுப்பு. உங்கள் விஷயத்தில் இரண்டுமே தகவலுக்கு முன்னால் நடந்தவை. திரும்பக் கிடைப்பது கடினம். அதற்காகப் பின் விஷயத்தை மறைத்து எழுத வேண்டாம். புகாரில் ஏடிஎம் எண்ணைக் குறிப்பிட்டு, அந்தக் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பதிவு வெகுநாள் இருக்காது.

ஓசூரில் வேலை, கணக்கு கிருஷ்ணகிரி கிளையில். தொலைந்த கார்டை மூன்று கடைகளில் தட்டி 4,000, 4,500 என்று எடுத்திருக்கிறார்கள். பின் கேட்கவே இல்லையா?

கேட்காது. 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய் வரை பின் இல்லாமலே தட்டிச் செலுத்தலாம். பயன்படுத்தாதவர்கள் பேங்க் ஆப்பில் அந்த வசதியை இன்றே அணைத்து வையுங்கள்.

உங்கள் மீதோ பேங்க் மீதோ தவறு இல்லாத இழப்பு என்றால், பணம் போனதாகப் பேங்க் எஸ்எம்எஸ் வந்ததிலிருந்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000, அடிப்படை (குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத) சேமிப்புக் கணக்கில் 5,000 உங்கள் தலையில் விழும். அதற்கு மேல் தாமதித்தால் அந்தந்த பேங்கின் கொள்கைதான். எஸ்எம்எஸ் வந்த நாள் கணக்கில் சேராது. உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாட்கள்தான் கணக்கு. நவம்பர் 1 அன்று எல்லை தாண்டி பெங்களூரில் கன்னட ராஜ்யோத்சவ விடுமுறை என்பது கிருஷ்ணகிரிக் கிளைக்கணக்கை மாற்றாது.

தகவல் சொன்ன 10 வேலை நாளுக்குள் பேங்க் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் அலட்சியம்தான் காரணம் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது பேங்க். புகார் எண்ணும், பதிவான தேதியும் நேரமும் எழுத்தில் கையில் இல்லாவிட்டால் இவ்வளவும் பேச்சோடு போய்விடும்.

அரூர் ஏடிஎம்மில் அம்மாவுக்கு "உதவி" செய்தவர், கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டார். கையில் இருப்பது வேறு யாருடைய பெயரோ.

அந்தக் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், எந்த இயந்திரத்திலும் செருகிப் பார்க்காதீர்கள். கவரில் போட்டு போலீஸில் ஒப்படையுங்கள். அதில் பெயர் உள்ளவர் திருடன் என்று நினைக்க வேண்டாம். அவரும் இதேபோல ஏமாந்தவராக இருக்கலாம். அம்மாவின் கார்டு எண் தெரியவில்லை என்று தயங்காதீர்கள், கணக்கு எண்ணும் பதிவு செய்த மொபைலும் இருந்தாலே முடக்கலாம். பென்ஷன் வரும் கணக்கு என்றால் அடுத்த தொகை விழுவதற்குள் முடித்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் போனும் பர்ஸும் சேர்ந்தே போய்விட்டன. எதை முதலில் முடக்குவது?

சிம்மை. பல பேங்குகளில் டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதித் தேதியும் இருந்தால் யுபிஐ பின்னையே மாற்றிவிடலாம். அதற்கு வேண்டிய ஓடிபி உங்கள் சிம்முக்கு வரும். போன் லாக் இதைத் தடுக்காது, சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் போதும். சிம், கார்டு, யுபிஐ என்ற வரிசையில், பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கியாவது அங்கேயே நின்று சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. யுபிஐயில் போன பணம் எதிர்க்கணக்கில் இருக்கும்வரை அதை நிறுத்தி வைக்க முடியும். ஏடிஎம்மில் நோட்டாக எடுத்துவிட்டால் நிறுத்த எதுவும் இருக்காது.

பர்ஸில் ஆதாரும் பான் கார்டும் இருந்தன.

ஆதாரில் கைரேகைப் பூட்டு போடுங்கள், எம்ஆதார் ஆப்பில் இலவசம். பான் எண்ணில் யாராவது கடன் வாங்கினால் கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரியும். சிபில் உட்பட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தருகின்றன. உங்கள் பெயரில் உள்ள சிம்களை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

திருட்டு நடந்தது பெங்களூரில், நான் தர்மபுரிக்காரன். "அங்கே போய்க் கொடு" என்கிறார்கள். பேங்கும் பதில் தரவில்லை.

குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் பதியலாம். பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். பேங்க் 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448. பேங்குக்குக் கொடுத்த புகாரின் நகலை இணையுங்கள். அது இல்லாவிட்டால் மனு நிற்காது.