சிமென்ட் மூட்டை தூக்கும் வேலையில் இடுப்பு வலி: வேலையை விடாமல் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: கட்டட வேலையில் கொத்தனாருக்குக் கையாளாக, அதாவது நிமிந்தாளாக இருக்கிறேன், வயது 36. மூட்டை இறக்குவது, கலவை போடுவது, பாண்டு (கலவைச் சட்டி) தூக்கிக் கொடுப்பது என்று நாள் முழுக்கக் குனிந்த வேலை. மூன்று மாதமாக இடுப்பு வலி. காலையில் பிடித்துக்கொள்கிறது, பத்து மணிக்கு மேல் பரவாயில்லை, சாயங்காலம் நிமிர முடியவில்லை. வேலையை விட வழியில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் 50 கிலோ மூட்டையைத் தரையிலிருந்து தனியாளாகத் தூக்குவதை விட வேண்டும். இந்த ஒரு மாற்றம் மருந்து, தைலம், பெல்ட் எல்லாவற்றையும்விட அதிகம் உதவும். அதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தெரியாமல் கசிவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் பலம் இழப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அது நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம், தாமதித்தால் போன உணர்வும் பலமும் திரும்பாமல் போகலாம். ஒரு காலில் மட்டும் செருப்பு அடிக்கடி நழுவுகிறது, குதிகாலில் நடக்க முடியவில்லை என்றால் பாதத்தைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். ஓரிரு நாளில் காட்ட வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும், நம் ஊரில் அது அபூர்வமல்ல. சாரத்திலிருந்து விழுந்தபின் வந்த வலிக்கு எக்ஸ்ரே அவசியம். விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் அலை அலையாக வந்து தொடையிடுக்குக்கு இறங்கும் வலி பெரும்பாலும் சிறுநீரகக் கல்; வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களுக்கு வருவதுதான்.

உங்கள் வயதுக்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, ஓய்வெடுத்த நாளில் வலி கூடி, நடமாடினால் குறைந்தால் அது மூட்டுவாத வகையாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. உங்களுக்குச் சாயங்காலம், அதாவது வேலைக்குப் பிறகு வலி கூடுவதைப் பார்த்தால் சுமையால் வந்த வலி என்றே தோன்றுகிறது, ஆனால் காலையில் பிடித்துக்கொள்வது பத்து மணி வரை இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கீழே உள்ளது அதற்கானது.

சுமை இடுப்பை எப்படிப் பதம் பார்க்கிறது என்பதை ஒரு கணக்கில் புரிந்துகொள்ளலாம். முதுகுத் தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால் இருந்து இழுக்கின்றன. 20 கிலோ எடையை 50 செ.மீ. முன்னால் பிடித்தால், அதைத் தாங்கத் தசை இழுக்க வேண்டியது பத்து மடங்கு, 200 கிலோ. அந்த இழுப்பு முழுவதும் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்கை அழுத்துகிறது. இதை உள்ளே கருவி வைத்தே அளந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் நடந்து 1999-ல் வெளியான ஆய்வு அது. நிமிர்ந்து நிற்கும்போது டிஸ்குக்குள் அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தால் 1.1. அதையே மார்பிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 1.8. முதுகை வளைத்துக் குனிந்து தூக்கினால் 2.3. எல்லாம் அதே 20 கிலோதான். எடை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் மாறியது. முழங்காலை மடக்கித் தூக்கியபோதும் 1.7 வந்தது என்பதைக் கவனியுங்கள். "காலை மடக்கித் தூக்கு" என்ற அறிவுரை தவறில்லை, ஆனால் அது மட்டும் போதாது. சுமை உயரத்தில் இருக்க வேண்டும், ஒட்டியும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் எல்லாம் சாதகமாக இருக்கும்போது ஓர் ஆள் தூக்கலாம் என்று வைத்திருக்கும் எடை 23 கிலோ. நம் மூட்டை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆகையால் "சரியான முறையில்" தூக்கினாலும் தரையிலிருந்து தனியாக எடுப்பது பாதுகாப்பில்லை.

லாரியில் வந்து இறங்கும்போதே வழி செய்துகொள்ளுங்கள். லாரித் தட்டு ஏறத்தாழ நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. மேலே ஒருவர் மூட்டையை விளிம்புக்கு இழுத்துத் தர, கீழே நிற்பவர் முதுகைத் திருப்பித் தோளில் வாங்கிக்கொண்டால் குனிய வேண்டியதே இல்லை. தப்பு நடப்பது இறக்கும் இடத்தில். கொண்டுபோன மூட்டையைத் தரையில் போட்டுவிடுகிறோம், மறுநாள் அதையே தரையிலிருந்து எடுக்கிறோம். ஈரம் ஏறக் கூடாது என்பதற்காக சிமென்ட்டை எப்படியும் பலகை மேல்தான் அடுக்க வேண்டும். அந்தப் பலகையை இரண்டு வரிசை சாலிட் பிளாக்கின் மேல் போடுங்கள். அடி மூட்டையே முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். அடுக்கை நெஞ்சு உயரத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். தலைக்கு மேலிருந்து இழுத்து வாங்கும்போது இடுப்பு பின்பக்கமாக வளைந்து அடிபடும். கலவை போடும் இடத்துக்கு அருகிலேயே அடுக்கினால் சுமக்கும் தூரமும் மிச்சம்.

தரையில் கிடக்கும் மூட்டைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனை, ஒருவர் குரல் கொடுக்க ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். குரல் இல்லாமல் தூக்கினால் முந்தி எழுபவர் மேல் முழு எடையும் விழும். வேறு ஆளே இல்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். மூட்டையை முதலில் நெட்டாக நிமிர்த்துங்கள். அதை ஒட்டி ஒரு கால் பாதம் ஊன்றி, மறு முழங்காலைத் தரையில் வைத்து உட்காருங்கள். ஒரு கை அடி மூலையிலும் மறு கை எதிர் மேல் மூலையிலுமாகப் பிடித்து, மண்டியிட்ட தொடை மேல் இழுத்து ஏற்றுங்கள். அங்கிருந்து ஊன்றிய தொடைக்கு உருட்டுங்கள். இப்போது மூட்டை வயிற்றோடு ஒட்டியிருக்கும். மூச்சை இழுத்து, வயிற்றைக் குத்து வாங்கப் போவதுபோல் இறுக்கி, நேரே எழுந்திருங்கள். திரும்ப வேண்டுமானால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பாதம் நட்டபடி இருக்க இடுப்பு மட்டும் முறுக்கிக்கொள்ளும் அந்த ஒரு நொடியில்தான் நிறையப் பேருக்கு "பிடித்துக்கொள்கிறது". தோளில் சுமந்தால் நடைக்கு நடை தோள் மாற்றுங்கள்.

கலவை வேலை இன்னொரு பிரச்சினை. நம் மண்வெட்டியின் பிடி குட்டை. அதனால் காலை விறைப்பாக வைத்து முழுக்கக் குனிந்து நிற்கிறோம். மண்ணை வெட்ட அது சரி. கலவையைப் புரட்டவும் அள்ளவும் நெட்டைப் பிடி போட்ட ஷவல் வாங்கச் சொல்லுங்கள். பிடியின் நுனி உங்கள் நெஞ்சு வரைக்கும் வர வேண்டும். ஒரு காலை முன்னே வைத்து, ஷவல் பிடித்த முன்கையை முன்தொடையில் சாய்த்து நெம்புங்கள். எடையில் ஒரு பகுதியைத் தொடை வாங்கிக்கொள்ளும்.

பாண்டில் 10 லிட்டர் கலவை போட்டாலே 20 கிலோ ஆகிவிடும். முக்கால் அளவோடு நிறுத்தி நடையைக் கூட்டுவது இடுப்புக்கு நல்லது. சித்தாள் பெண்களுக்குத் தலையில் சும்மாட்டின் மேல் சுமப்பது அவ்வளவு கெடுதல் செய்வதில்லை, சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே இருக்கிறது. தரையிலிருந்து தலைக்கு ஏற்றுவதுதான் கெடுதல். ஒரு பேரலையோ பலகை போட்ட முக்காலியையோ பக்கத்தில் வைத்து, பாண்டை அதன் மேல் நிரப்பி, அங்கிருந்து இன்னொருவர் தலைக்கு ஏற்றிவிடட்டும். டைல்ஸ் ஒட்டுபவர்களும் அடிச்சுவர் பூசும் கொத்தனார்களும் குனிந்து நிற்கவே கூடாது. ஒரு சாண் உயர முக்காலியில் உட்காருங்கள், அல்லது முழங்காலுக்குத் தடித்த பஞ்சு கட்டி மண்டியிடுங்கள்.

எந்த நேரத்தில் தூக்குகிறோம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கிறது. காலையில் நாம் ஒன்றரை செ.மீ. வரை உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய டிஸ்க் குனிந்தால் அதிகம் இறுகும். அந்த உப்பல் பெருமளவு முதல் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆகவே எழுந்ததும் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சி, குனிந்து துணி துவைப்பது, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இழுப்பது எதுவும் வேண்டாம். வேலைக்கு வந்ததும் மூட்டையில் ஆரம்பிக்காமல் தண்ணீர் விடுவது, சாமான் எடுத்துவைப்பது போன்ற வேலைகளை முதலில் செய்யுங்கள்.

இதேபோல, இருபது நிமிடம் தொடர்ந்து குனிந்திருந்தால் முதுகின் இணைப்பு நார்கள் நீண்டு தளர்ந்துவிடும், எழுந்தவுடன் பழைய நிலைக்கு வராது. அந்தத் தளர்வோடு உடனே மூட்டையைத் தூக்குவது ஆபத்து. டீ குடித்துவிட்டு நீண்ட நேரம் குத்த வைத்து உட்கார்ந்து எழுந்தாலும் இதே கதைதான். நிமிர்ந்து இரண்டு நிமிடம் நில்லுங்கள், நடங்கள். இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் வைத்துப் பின்பக்கமாக மெதுவாக ஐந்தாறு முறை வளையுங்கள். காலுக்கு இறங்கும் வலி உள்ளவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளையும்போது கெண்டைக்கால் வலி தொடைக்கும் புட்டத்துக்கும் ஏறிச் சுருங்கினால், இடுப்பில் சற்றுக் கூடினாலும், நல்ல அறிகுறி, தொடரலாம். வலி இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

திடீரென்று பிடித்துக்கொண்ட நாளில் தரையில் மல்லாந்து படுத்து, முழங்கால் செங்கோணமாக மடியும்படி கெண்டைக்கால்களை ஒரு நாற்காலி மேல் வைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் கிடங்கள். பிறகு எழுந்து ஐந்து நிமிடம் நடங்கள். இதை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். எழும்போது ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழுங்கள். வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் இதமாக இருக்கும். இருமல், தும்மல் வந்தால் நிமிர்ந்து சுவரில் கையை ஊன்றிக்கொள்ளுங்கள். முழு ஓய்வு ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் படுத்தே கிடந்தால் வலி குணமாகத் தாமதமாகும். முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது, வெடுக்கென்று திருப்பிச் சுளுக்கு எடுப்பது இரண்டும் கூடவே கூடாது. எண்ணெய் தேய்த்து மெல்லப் பிடித்துவிடுவதில் தவறில்லை.

உடல் உழைப்பாளிக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பார்கள். வேலையில் தசை வலிமை வருகிறது, ஆனால் இடுப்பை அசையாமல் பிடித்துக்கொள்ளும் தாங்குதிறன் வருவதில்லை. சாயங்காலம் குளிப்பதற்கு முன் பத்து நிமிடம் போதும். முதலாவது, நாலு காலில் நின்று வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி 10 விநாடி நிறுத்துவது. இடுப்பின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் சிந்தாத அளவுக்கு ஆடாமல் இருக்க வேண்டும். இரண்டாவது, ஒருக்களித்துப் படுத்து முழங்கையும் முழங்காலும் ஊன்றி இடுப்பைத் தூக்கி 10 விநாடி. மூன்றாவது, மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, இரண்டு உள்ளங்கையையும் இடுப்புக் குழிக்கடியில் வைத்து, தலையையும் தோளையும் மட்டும் ஓர் அங்குலம் தூக்கி 10 விநாடி. பக்கம் மாற்றி ஒவ்வொன்றும் ஆறு முறை, சற்று ஓய்வு, நான்கு முறை, ஓய்வு, இரண்டு முறை. காலை நீட்டி எழுந்து உட்காரும் பயிற்சியைச் செய்யாதீர்கள், டிஸ்கை அது அதிகம் அழுத்துகிறது. பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும்.

மாத்திரை விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். மருந்துக் கடையில் "வலிக்கு ஒரு செட்" என்று உதிரியாகக் கட்டித் தருவதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். உடனே வலி போவதால் அதையே தினமும் கேட்டு வாங்குகிறார்கள். எலும்பு தேய்வதும் சர்க்கரை ஏறுவதும் பிறகுதான் தெரியும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வேலை செய்யும், ஆனால் வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்கள் 400 மி.கி. இபுபுரோஃபெனைச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் போகாமல், நாலைந்து நாள் மட்டும் எடுக்கலாம். வலியை மாத்திரையால் மறைத்துக்கொண்டு அன்றைக்கே மூட்டை தூக்குவது அடிபட்ட இடத்திலேயே மறுபடி அடிப்பது.

பெல்ட் காப்பாற்றும் என்று நம்பி அதிக எடை தூக்காதீர்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட் வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. ஸ்கேனுக்கும் அவசரப்பட வேண்டாம். "ஜவ்வு விலகிடுச்சு" என்ற அறிக்கையைப் பார்த்துப் பயந்து வேலையையே விட்டவர்கள் உண்டு. வலியே இல்லாத 40 வயதுக்காரர்களை எடுத்துப் பார்த்தாலும் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். காலுக்கு இறங்கும் வலியோடு பலக்குறைவும் இருந்தால், அல்லது ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் ஸ்கேனுக்கு அர்த்தம் உண்டு. உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதால் மருத்துவர் ஒருமுறை தொட்டுப் பார்த்துச் சொல்வது நல்லது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கும், மேலே சொன்ன பயிற்சிகளை அங்கே செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியிடம் "இடுப்பு வலி, லேசான வேலை கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் மறுநாள் கூப்பிட மாட்டாரோ என்ற பயம் நியாயமானது. வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வாரம் ஓஸ் பிடித்துத் தண்ணீர் விடுவது, சாரத்தில் இடுப்பு உயரத்தில் செங்கல் வாங்கிக் கொடுப்பது, ஜல்லடை சலிப்பது. மூன்றாவது வாரம் முக்கால் பாண்டு. நான்காவது வாரம் பலகை மேலிருந்து இரண்டு பேராக மூட்டை. அன்றைய வேலையின் வலி மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம், திரும்பவில்லை என்றால் இன்னொரு வாரம் அதே படியில் இருங்கள்.